எம். மீனாக்ஷியின் மகள்

ஓடிப்போகிறவள் பட்டப்பகல் பதினோரு மணிக்கு, முன்வாசல் வழியாக, சக்கரம் கீச்சிடுகிற பெட்டியை இழுத்துக்கொண்டா போவாள்? மருமகள்காரி தன்னுடைய நல்ல சால்வையை மடித்து அந்தப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவாளா? அமெரிக்காவில் வெஸ்ட் வின்ட்சரில் குளத்தைச் சுற்றி வாக்கிங் போகிற பெண்கள் ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. வெள்ளைக்காரக் கிழவரின் காரில் மரகதம் ஏறியதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது போதும். பொழுது சாய்வதற்குள் பக்கத்து ஊரான எடிசன் மளிகைக்கடை வரை சேதி போய்விட்டது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாளாம் எதிர்வீட்டு ஷ்யாமளா. "செவ்வாய்க்கிழமை ஆனா லைப்ரரி லைப்ரரின்னு கிளம்பிடுவாங்க. மழை பெஞ்சா அவர் கார்ல கொண்டுவந்து டிராப் பண்ணுவார். அறுபத்தேழு வயசுல என்ன படிப்பு வேண்டிக் கிடக்கு?"

"படிப்பு எங்க வந்தது? சொத்து," என்றாளாம் கூட நடந்த காமாக்ஷி. "யாரோ வெள்ளைக்காரக் குடும்பத்துல பங்கு கேக்கப் போறாங்களாம்."

"சொத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாளாம் மூன்றாவது ஒருத்தி. "மறதி ஆரம்பிச்சிருக்கு. போன மாசம் என்கிட்டயே சொன்னாங்க, எங்க சொந்தக்காரங்க ஸ்காட்லாந்துன்னு. சிரிக்கவும் முடியல, அழவும் முடியல எனக்கு."

காதல் என்று ஒருத்தி, சொத்து என்று ஒருத்தி, புத்தி பிசகு என்று ஒருத்தி. மூன்றும் ஒரே பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும் என்று அவர்களுக்குள்ளேயாவது பேசித் தீர்த்துக்கொண்டிருக்கலாம். மரகதம் தேடியது ஒரே ஓர் எழுத்தை. அவள் அம்மாவின் பேருக்கு முன்னால் நிற்க வேண்டிய எழுத்து. அதைச் சொன்னால் வாக்கிங் போகிறவர்களுக்குச் சுவைப்படாது. இருந்தாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும்.

மரகதத்தின் அம்மா பேர் மீனாக்ஷி. பிறந்தது வால்பாறை மலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டில். மீனாக்ஷியைப் பெற்றவள் வேலாத்தாள். அவள் துரை பங்களாவில் வேலை பார்த்தாள். துரை கல்யாணம் ஆகாதவன், ஸ்காட்லாந்துக்காரன். பிள்ளை பூனைக்கண்ணோடு பிறந்தது. இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது துரை கப்பலேறிவிட்டான். ஓடிப்போனவர் யார் என்று கேட்டால் அவனைத்தான் காட்ட வேண்டும். ஆனால் ஊர் அவனைக் கேட்கவில்லை. வேலாத்தாளைத்தான் கேட்டது. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையை விட்டிறங்கிப் பொள்ளாச்சிக்கு வந்து சேர்ந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று வாத்தியார் இனிஷியல் கேட்டார். வேலாத்தாள் தயங்கவே இல்லை. "எம் போடுங்க. இவ அப்பன் மிங்கி துரை," என்றாள். அந்த எழுத்து அவளுக்கு எழுதத் தெரியாது. துரை ஒருநாள் பங்களா மேஜையில் விரலால் எழுதிக் காட்டியிருக்கிறான், ரெண்டு மலை பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் என்று. வாத்தியார் சிரித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

மீனாக்ஷிக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் விவரமானவர். நேரே மலைக்குப் போனார். அதற்குள் எஸ்டேட் கைமாறி, பழைய ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள். ஆபீஸ் சுவரில் மட்டும் அதுவரை இருந்த துரைமார் பேரை எல்லாம் பெயிண்டால் எழுதி ஒரு பலகை மாட்டியிருந்தது. புது கிளார்க் அதை மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார். "மிங்கின்னு ஒரு துரையே இங்க இருந்ததில்லை," என்று கையை விரித்துவிட்டார். படித்தவர் சொன்னது, பலகையும் சொன்னது. வேலாத்தாள் பொய்க்காரி என்று அன்றைக்கு முடிவாயிற்று. யாரோ கூலிக்காரனுக்குப் பெற்றுவிட்டு, துரை பேரைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்கிறாள் என்றார்கள்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன், லாரி டிரைவர். பரவாயில்லை என்று தாலி கட்டினான். ஆனால் அவன் வீட்டில் எப்போது சண்டை வந்தாலும் கடைசி வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "இனிஷியல் இல்லாதவ." தமிழில் அதைவிடக் கூரான சொல் கிடையாது. ரேஷன் கார்டு எழுத வந்தவர், புருஷன் எழுத்தையே போட்டுவிடட்டுமா என்று கேட்டார். மீனாக்ஷி ஒப்பவில்லை. "எனக்கு அப்பன் எழுத்து இருக்குதுங்க. எம் போடுங்க," என்றாள். எம்முக்கு என்ன என்றார் அவர். மிங்கி என்றாள். அப்படி ஒரு பேரா என்று அவரும் காலியாகவே விட்டுவிட்டுப் போனார். அந்தக் காலி இடத்தோடுதான் அவள் எண்பது வயது வரை இருந்தாள்.

மீனாக்ஷி இறந்தபோது மரகதம் இங்கே இருந்தாள். கிரீன் கார்டு காகிதம் நடந்துகொண்டிருந்தது, கிளம்ப முடியாது என்று மகன் சொல்லிவிட்டான். ஊரிலிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் போனில் படம் பிடித்து அனுப்பினார்கள். வருத்தத்தோடு என்று கீழே போட்டிருந்த மாப்பிள்ளைகள், பேரன்கள் எல்லாருக்கும் முன்னால் ஓர் எழுத்து நின்றது. நடுவில் பெரிதாகப் படத்துக்குக் கீழே மீனாக்ஷி மட்டும் மொட்டையாக நின்றாள். மரகதம் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி பெரிதாக்கிப் பார்த்தாள். அச்சில் தேய்ந்து போயிருக்கிறதோ என்று பார்த்தாள். தேயவில்லை. போடவே இல்லை. போட வேண்டாம் என்று சொன்னது மரகதத்தின் மகன் நெடுஞ்செழியன்.

நெடுஞ்செழியனைக் கெட்டவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மாவை அழைத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டவன். தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா என்றால் முதல் ஆளாக நாற்காலி போடுகிறவன். ஆனால் அவனுக்கும் அம்மாயி மீனாக்ஷியின் கண்தான், பச்சையும் சாம்பலும் கலந்த கண். சங்கத்தில் யாராவது, "செழியன், லென்ஸா?" என்று கேட்டால், "கொங்கு பக்கம் சில குடும்பத்துல உண்டு," என்பான். அம்மா வழியில் நாலு தலைமுறையாகப் பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு என்பான். ஒரு தென்னங்கன்று கூட அவர்களுக்கு இருந்ததில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் கிளை விட்டுக் காய் காய்த்துவிடும்.

அந்தத் தோப்பில் கை வைத்தது அவன் மகள் கயல்தான். சான் ஹோசேயில் வேலை பார்க்கிற பெண், நன்றி சொல்லும் நாள் விடுமுறைக்கு வந்திருந்தாள். எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்கிற சோதனை ஒன்று இருக்கிறதே, அதைச் செய்து பார்த்திருக்கிறாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனைப் பார்த்தபடி சொன்னாள்.

"டாட், இட்ஸ் வியர்ட். வீ ஆர் சிக்ஸ் பர்சென்ட் ஸ்காட்டிஷ்."

"லேப்ல மாத்தியிருப்பாங்க," என்றான் நெடுஞ்செழியன், ரசத்திலிருந்து தலையெடுக்காமல்.

"தே டோன்ட் ஜஸ்ட் மிக்ஸ் அப்..."

"கயல். ஈட்."

மரகதம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "மாத்தல கண்ணு," என்றாள். "அது சரிதான்."

அன்றைக்கு அந்த மேஜையில் கதை முழுவதும் வெளியே வந்தது. மருமகள் ப்ரியம்வதா சென்னைப் பெண், இருபத்தெட்டு வருஷமாகத் தோப்பை நம்பியவள். அவள் கணவனை ஒரு பார்வை பார்த்தாள், தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கயல் அப்பத்தாவின் எச்சிலையும் ஒரு குழாயில் வாங்கி அனுப்பினாள். மரகதத்துக்கு நூற்றுக்கு இருபத்துநாலு என்று வந்தது. கணக்கு சரியாக நாலில் ஒரு பங்கு. சொந்தக்காரர்கள் யார் யார் சோதனை செய்திருக்கிறார்கள் என்று காட்டுகிற வசதியும் அதில் உண்டு. அதை மட்டும் நெடுஞ்செழியன் முதல் நாளே அணைத்து வைத்துவிட்டான்.

"ஸ்காட்லாந்துன்னு தெரிஞ்சிடுச்சில்லம்மா? போதும். இதோட விட்டுடுங்க."

"ஸ்காட்லாந்து நாடு கண்ணு. நாட்டுக்கு எழுத்து கிடையாது. மிங்கி யாருன்னு தெரியோணும்."

அப்படித்தான் நூலகம் ஆரம்பித்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அது ஓடியது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே ஒரு மேஜை போட்டு, குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு உதவ ஒருவர் உட்கார்ந்திருப்பார். பேர் ஆர்ச்சர். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், எழுபத்தெட்டு வயது, ஒரு காதில் கருவி. அவருடைய அம்மா வழியும் ஸ்காட்லாந்துதான், நாலு தலைமுறைக்கு முன்னால் கப்பலேறியவர்கள். காரில் கொண்டுவந்து விடுகிறார் என்று ஷ்யாமளா சொன்னாளே, அந்த வெள்ளைக்காரக் கிழவர் இவர்தான். பெண்டாட்டியை இழந்தவர். சதா அவளைப் பற்றியே பேசுவார். மரகதம் தன் புருஷன் சேனாபதியைப் பற்றிப் பேசுவாள். அவருக்குப் பாதி காதில் விழாது, இவளுக்குப் பாதி இங்கிலீஷ் புரியாது. இதுதான் அந்தக் காதல்.

மரகதம் எட்டாவது வரை படித்தவள். பேர்களை எழுத்துக் கூட்டி இங்கிலீஷில் எழுதுவாள். அவள் எழுதிக் கொடுத்த மிங்கி என்ற பேரை அவர் கம்ப்யூட்டரில் தட்டாத இடமில்லை. பழைய கப்பல் பட்டியல், தோட்டக்காரர் பட்டியல், கல்லறைப் பட்டியல். மிங்கி எங்கேயும் இல்லை. காதில் கோணலாக விழுந்திருக்கும், மாக்கி என்று இருக்கலாம் என்றார் அவர். தென்னிந்தியாவில் தேயிலை போட்ட மாக்கி ஒருவன் கிடைக்கவும் செய்தான். வருஷமும் ஏறக்குறையப் பொருந்தியது. அவன் பேரப்பிள்ளைகள் டெக்ஸாஸில் ஃபிரிஸ்கோ பக்கம் இருந்தார்கள். ஆர்ச்சர் கடிதம் போட்டார். எட்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவன் இருந்தது நீலகிரியாம், அதுவும் பத்து வருஷம் முன்னால். மரியாதையான கடிதம்தான். மரகதம் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து இரண்டு செவ்வாய் வெளியே போகவில்லை.

அந்த இரண்டு வாரமும் அவளைத் தின்றது துரை கிடைக்காதது இல்லை. கிளார்க் சொன்னது சரிதானோ என்கிற நினைப்பு. இரத்தம் ஸ்காட்லாந்து என்கிறது, சரி. ஆனால் பேர்? பேரை வேலாத்தாள் கட்டிவிட்டிருந்தால்? அவன் பேர் கூடத் தெரியாத ஒருத்தியாக அவள் இருந்திருந்தால்? தன் அம்மா எண்பது வருஷம் வேறு எந்த எழுத்தையும் ஒப்பாமல் காத்து வைத்த இடம் ஒரு பொய்க்காகவா? இதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெங்காயம் உரிக்கும்போது ப்ரியம்வதாவிடம் ஒரு தடவை மட்டும், "பேர் தெரியாமயா இருந்திருப்பா?" என்று கேட்டாள்.

மூன்றாவது செவ்வாய் அவள் போனாள், ஆனால் நேரம் கழித்துப் போனாள். வழியில் மருந்துக்கடையில் மகனுடைய பிரஷர் மாத்திரை வாங்கப் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டார்கள், கூப்பிட்டார்கள், அவளுக்குத் தெரியவில்லை. "நெடுன்செஸியன்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். யாரோ ரஷ்யாக்காரன் என்று அவள் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டாள். பெற்ற தாய்க்கே மகன் பேர் அடையாளம் தெரியவில்லை.

அந்த எரிச்சலோடு வந்து ஆர்ச்சரிடம் முறையிட்டாள். காகிதத்தில் மகன் பேரை இங்கிலீஷில் எழுதி, நடுவில் இருக்கிற இஸட்டை விரலால் குத்திக் காட்டினாள். "நோ இஸட். ரைட்டிங் இஸட். ஸ்பீக்கிங் நோ இஸட்." நாக்கை மடித்து ழ என்று சொல்லிக் காட்டினாள். இந்த ஓசைக்கு இவர்களிடம் எழுத்து இல்லை, அதனால் இஸட்டைப் போட்டு ஒப்பேற்றி வைத்திருக்கிறார்கள், எழுத்தைப் பார்த்துப் படித்தால் என் மகன் காணாமல் போய்விடுகிறான் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்.

ஆர்ச்சர் சிரித்தார். எங்கள் ஆட்களிடமும் அப்படி ஓர் எழுத்து இருந்தது என்று ஆரம்பித்தார். ரொம்பப் பழைய எழுத்து, மூன்று என்ற எண் மாதிரி வால் தொங்க இருக்கும். அச்சு வந்தபோது அச்சுக்காரர்களிடம் அந்த எழுத்து இல்லை, பார்வைக்கு இஸட் மாதிரி இருக்கிறதென்று இஸட்டைச் செருகிவிட்டார்கள். எழுதுவது இஸட், ஊரில் சொல்வது வேறு...

காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாகப் பென்சிலை எடுத்து ஒரு பேரை எழுதினார். எழுத்தைப் பார்த்துப் படித்தால் மென்ஸீஸ். அமெரிக்காவில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவரும் எழுபது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரன் வாயால் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவருடைய பாட்டி எப்போதோ சொன்னது இப்போதுதான் மண்டையில் ஏறியது.

"மிங்கிஸ்," என்றார்.

மரகதம் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மாயி வேலாத்தாளின் வாயிலிருந்து கேட்டது அதுவேதான். கடைசியில் ஒரு ஸ் உண்டு. சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். துரை என்று சேர்த்துச் சொல்லும்போது அது தேய்ந்துவிடும், ஊர் அதை நறுக்கியே விட்டது.

எழுதப் படிக்கத் தெரியாத வேலாத்தாளின் காதில் அவன் சொன்ன பேர் சொன்னபடி இருந்தது. படித்த கிளார்க் பலகையில் அதே பேரின் மேல் விரல் வைத்துக் கடந்து போயிருக்கிறான், மென்ஸீஸ் என்று. எழுத்து தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒருத்தியைப் பொய்க்காரி ஆக்கினார்கள்.

பேர் கிடைத்தபின் மற்றது ஓடி வந்தது. கப்பல் பட்டியலில் துரை வந்த வருஷமும் போன வருஷமும் கிடைத்தன. போனவன் ஊரில் கல்யாணம் செய்துகொண்டு, யுத்தம் முடிந்தபின் குடும்பத்தோடு கலிபோர்னியாவுக்குக் குடியேறியிருக்கிறான். கயலைக் கூப்பிட்டு, அணைத்து வைத்ததைத் திறக்கச் சொன்னாள் மரகதம்.

"டாட் வில் பி மேட், அப்பத்தா."

"எச்சில் என்னுது சாமி. உங்கப்பனுது இல்ல."

திறந்த உடனே முதல் பேராக வந்தது ஒரு மென்ஸீஸ். எல்ஸ்பெத், வயது எண்பத்துநாலு, கல்யாணம் செய்துகொள்ளாதவள், கயல் இருக்கிற சான் ஹோசேக்குப் பக்கத்தில் ஃப்ரீமான்ட்டில் வீடு. துரையின் மகள். மீனாக்ஷிக்கு ஒரே அப்பனுக்குப் பிறந்த தங்கச்சி. அப்படியென்றால் மரகதத்துக்குச் சித்தி. வேறு என்ன முறை சொல்வது?

ஆர்ச்சர் எழுதிய கடிதத்துக்குப் பதில் பிப்ரவரியில் வந்தது. நூலக மேஜையில் வைத்து அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார், அவள் கேட்டாள். எங்கள் அப்பா ஆனைமலையைப் பற்றிப் பேசியதே இல்லை என்று எழுதியிருந்தாள் எல்ஸ்பெத். அவருடைய பைபிளின் முதல் தாளில் பிள்ளைகள் பிறந்த வருஷங்களை எழுதி வைத்திருக்கிறார். எனக்கும் என் தம்பிக்கும் மேலே, முதல் வரியாக ஒரு பேர் இருக்கிறது. எம். மீனாக்ஷி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. அது அப்பா இந்தியாவில் வைத்திருந்த குதிரை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பெண்குதிரைக்கு இங்கிலீஷில் மேர் என்று பேர், எம் அதைத்தான் குறிக்கிறது என்று என் தம்பி சொல்வான். நாங்கள் அப்பா முன்னாலேயே அந்தக் குதிரையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அவர் ஆமாம் என்றதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. எண்பது வருஷம் என் அக்காவைக் குதிரை என்று நினைத்துவிட்டேன். அவள் குரல் எப்படி இருக்கும் என்று சொல்ல உங்களால் முடியுமா? மார்ச் பத்தாம் தேதி எனக்கு இருதயத்தில் ஆபரேஷன். அதற்கு முன்னால் வர முடிந்தால் வாருங்கள்.

கூடவே அந்தத் தாளின் போட்டோ இருந்தது. மரகதம் அழவில்லை. "எம் எது?" என்று கேட்டாள், தெரிந்தும் கேட்டாள். ஆர்ச்சர் காட்டினார். ரெண்டு மலை பக்கத்தில் பக்கத்தில். எஸ்டேட்டில் ஆட்பேர் எழுதுகிற மாதிரியே அப்பன் எழுத்தை முன்னால் போட்டுத்தான் அவன் தன் மகளை எழுதியிருக்கிறான். அவன் கையாலேயே போட்டிருக்கிறான்.

பிறகு அவள் சொன்னது தமிழில், ஆர்ச்சருக்குப் புரியவில்லை. "எழுதத் தெரிஞ்சுது. வாயத் தொறந்து சொல்லத் தெரியலயே. குதிரைன்னு சொல்ல விட்டுட்டு உக்காந்திருந்திருக்கான்."

மன்னித்துவிட்டாள் என்று யாராவது கதையை இனிப்பாக முடிக்கப் பார்த்தால் அது பொய். அவள் மன்னிக்கவில்லை. அவள் வந்தது எழுத்துக்காக. எழுத்து கிடைத்தது.

மறுநாள் காலை, ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகனிடம் இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, ஃப்ரீமான்ட் போகிறேன், கயல் டிக்கெட் போட்டுவிட்டாள், அங்கே அவளே கூட்டிப்போவாள். இரண்டு, மார்ச்சில் அம்மாவுக்கு நினைவு நாள், வருஷா வருஷம் பொள்ளாச்சி பேப்பருக்கு நீ அனுப்புகிற விளம்பரத்தில் இந்தத் தடவை எம் போட வேண்டும்.

நெடுஞ்செழியன் காபியைக் கீழே வைத்தான். "அந்தப் பேப்பர் ஆன்லைன்ல வருதும்மா. இங்க பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஆளுங்க. எம்னா என்னன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். சொல்லு."

"என்னன்னு சொல்றது? எங்க அம்மாயி எஸ்டேட் கூலிங்க லைன் வீட்டுல பொறந்தவங்க, துரைக்குப் பொறந்தவங்கன்னா? ஸ்கூல்ல என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. கண்ண நோண்டிக்கலாமான்னு இருக்கும். அதையெல்லாம் விட்டுட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

மரகதத்துக்கு இது புதிது. மகன் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்ததாக அவளுக்கு நினைவே இல்லை. அழாமல் வந்திருக்கிறான். அவன் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "என்கிட்ட ஏன் கண்ணு சொல்லல? நீயும் வாயத் தொறக்கல."

நீயும் என்ற சொல் அவனுக்கு எங்கோ தைத்தது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினான்.

"நீங்க போனா, எங்க போனாங்கன்னு கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"எங்கம்மா அவங்க சித்தியப் பாக்கப் போயிருக்காங்கன்னு சொல்லு. பொய் இல்லயே."

அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதைத் தவிர வேறு பேச்சு இல்லை. மரகதம் பெட்டி கட்டினாள். இரண்டு சேலை, மாத்திரை டப்பா, சித்திக்கு என்று செய்த தேங்காய் பர்பி, மீனாக்ஷியின் போட்டோ ஒன்று. அவள் சிரித்துக்கொண்டிருக்கிற போட்டோ, கலர் மங்கியது, ஆனாலும் கண் தெரியும். அதை அந்தப் பைபிளின் முதல் தாளில், அந்த வரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். ப்ரியம்வதா வந்து தன் சால்வையை மேலே வைத்து, பெட்டியின் ஜிப்பை இழுத்தாள்.

கிளம்புகிற அன்று செவ்வாய். பனி ஓரமாக அழுக்காகக் கிடந்தது. நெடுஞ்செழியன் ஆபீஸ் போகவில்லை, மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை என்றான். ஆர்ச்சர் சொன்னது போலவே பதினோரு மணிக்குக் கார் கொண்டுவந்து நிறுத்தினார், ஏர்போர்ட்டில் விடுவதற்கு. மரகதம் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சக்கரம் நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து பெட்டியைத் தூக்கியது. மாடிப்படி இறங்கி வந்த சத்தம் கூட அவளுக்குக் கேட்கவில்லை.

எதிர்வீட்டு வாசலில் ஷ்யாமளா தபால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். தபால் வருவது மூன்று மணிக்கு.

"என்ன ஆன்ட்டி, பெட்டியோட? இந்தியாவா?"

மரகதம் படியில் நின்றபடியே மகனைப் பார்த்தாள். பெட்டி அவன் கையிலேயே இருந்தது. அவன் ஷ்யாமளாவைப் பார்த்தான், காரைப் பார்த்தான், பிறகு அந்தப் பச்சைக் கண்ணால் அம்மாவைப் பார்த்தான்.

"இல்லங்க, ஃப்ரீமான்ட்," என்றான். "அங்க அம்மாவோட சித்தி இருக்காங்க. எங்க அம்மாயியோட தங்கச்சி."

"உங்களுக்கு இங்க சொந்தம் இருக்கா? சொல்லவே இல்லயே. உங்க அம்மாயி பேரு என்ன, எனக்குப் பொள்ளாச்சியில நிறையப் பேரைத் தெரியும்."

அவன் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"எம். மீனாக்ஷி," என்றான்.

ஷ்யாமளா அடுத்த கேள்வி கேட்பதற்குள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்துவிட்டான். மரகதம் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, பனி வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, மூன்று படியும் இறங்கிப் போனாள்.